இந்த இலக்கம் யாருடையது?

கரவெட்டியில் நான் வளர்ந்த நாட்களில் வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகையும் கிடையாது. காணிகளுக்குத்தான் பெயர் இருந்தது. அந்தப் பெயர்களும் உறுதிக்குள் உறங்குமேயன்றிக் கடித உறையின்மேல் ஏறுவதில்லை. உறையில் ஆளின் பெயர், அதன்கீழ் 'கரவெட்டி மேற்கு', அதன்கீழ் 'கரவெட்டி' என்று மூன்று வரிகள் இருக்கும். கொழும்பிலிருந்தும் மலாயாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் புறப்படும் கடிதங்கள் இந்த மூன்று வரிகளின் பலத்திலேயே ஊர்த் தபாற் கந்தோர்வரை வந்துவிடும். அங்கிருந்து படலைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது தபாற்காரரின் ஞாபகத்தைப் பொறுத்த விடயம். ஒரே குறிச்சியில் நான்கு கந்தையாக்கள் இருந்தால் அவர் சந்தியில் சைக்கிளை நிறுத்தி, அங்கு நிற்பவர்கள் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "இது எந்தக் கந்தையாவுக்கு?" என்று கேட்பார். உரியவரோ அவரை அறிந்தவரோ பதில் சொல்வார்கள். அடுத்தமுறை தபாற்காரர் கேட்கமாட்டார்.

நம்முடைய வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது ஏறத்தாழ இந்த முறையில்தான். இது நானாகக் கற்பித்துக்கொண்ட உவமை அன்று. 1982ஆம் ஆண்டு எழுதி வைக்கப்பட்ட ஒரு விதி. அந்த விதியின் வரலாற்றைச் சொல்லுமாறு கனடாவிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். கலைப்பட்டதாரியான எனக்கு இது வேலியைத் தாண்டி அடுத்த வளவுக்குள் கால்வைக்கும் காரியம். ஆனால் பத்திரிகைக்காரன் பிறர் வளவுக்குள் கால்வையாமல் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை.

கதை ஹவாயில் தொடங்குகிறது. 1971 ஜூன் மாதத்தில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும் 'அலோகாநெற்' என்ற வலையமைப்பை இயக்கத் தொடங்கினார்கள். தீவுகளில் சிதறிக் கிடந்த முனையங்களைத் தலைநகரத்துக் கணினியோடு இணைக்க வேண்டியிருந்தது. தொலைபேசிக் கம்பிகளை நம்ப முடியாத நிலையில் அவர்கள் வானொலி அலையை எடுத்துக்கொண்டார்கள். அலைவரிசை ஒன்று, பேச விரும்புவோர் பலர். யாருக்கு எப்போது முறை என்று யார் தீர்மானிப்பது? யாரும் தீர்மானிக்க வேண்டியதில்லை என்பதே ஏப்ரம்சனின் விடை. சொல்ல இருப்பவர் சொல்லட்டும். இருவர் பேச்சு மோதிக் கெட்டுவிட்டால் பெற்றுக்கொண்டதாகப் பதில் வராது. பதில் வராவிட்டால், ஒவ்வொருவரும் தற்செயலான அளவு நேரம் காத்திருந்து மறுபடி சொல்லட்டும். ஒரு பட்டிமன்றத்தை இப்படி நடத்த முடியாது. கணினிகளுக்கு இது போதுமாக இருந்தது.

இந்த ஏற்பாட்டைப் படித்துக் குறைகண்டு திருத்தியவர் ரொபேர்ட் மெற்காஃப். கலிபோர்னியாவின் பாலோ ஆல்ற்றோவில் இருந்த ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் அப்போது அவர் பணியாற்றினார். 1973 மே 22ஆம் திகதி அவர் தட்டச்சில் எழுதிய உட்சுற்றறிக்கையில் 'ஈதர்' என்ற சொல் வருகிறது. ஒளி பரவுவதற்கு ஊடகமாக அண்டமெங்கும் ஈதர் நிறைந்திருப்பதாக 19ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் செய்த பரிசோதனை அந்த நம்பிக்கையை ஆட்டங்காணச் செய்தது. இல்லாத அந்தப் பொருளின் பெயரைத்தான் மெற்காஃப் ஒரு செப்புக் கம்பிக்குச் சூட்டினார். கம்பியோ வானலையோ எதுவாயினும் சரி, எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஊடகம் என்ற பொருள் அதில் உண்டு. இவ்வாறு பிறந்ததுதான் ஈதர்நெற். மெற்காஃபும் டேவிட் பொக்ஸும் சேர்ந்து அமைத்த முதல் வலையமைப்பு நொடிக்கு 29 இலட்சத்து 40 ஆயிரம் பிற்றுகளைச் சுமந்தது.

நம் விடயத்துக்கு முக்கியமானது அந்த வேகமன்று, அதில் முகவரிக்கு ஒதுக்கப்பட்ட இடம். அனுப்புநருக்கு 8 பிற்று, பெறுநருக்கு 8 பிற்று. 8 பிற்றுகளால் 256 இலக்கங்களை எழுதலாம். அவற்றுள் ஒன்று 'எல்லோருக்கும்' என்பதற்கான இலக்கம். ஒரு கட்டடத்துக்குள் 255 கணினிகளுக்குமேல் வரப்போவதில்லை என்பது 1973இல் நியாயமான எண்ணம்தான். ஆனால் ஸெரொக்ஸுக்குள்ளேயே இத்தகைய வலையமைப்புகள் பலவாகிவிட்டன. ஒரு கட்டடத்தின் 17ஆம் இலக்கக் கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு கட்டடத்தில் வைத்தால் அங்கே ஏற்கனவே ஒரு 17 இருக்கும்.

இந்த இடத்தில் ஓர் இந்தியர் வருகிறார். யோகன் தலால் பம்பாய் இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பட்டம் பெற்று, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தவர். இணையத்தின் அடிப்படை விதிமுறையை முதன்முதலில் வகுத்த 1974 டிசம்பர் மாத ஆவணத்தில் வின்ற் சேர்ஃப், கார்ல் சன்ஷைன் ஆகியோரோடு அவர் பெயரும் உண்டு. பின்னர் ஸெரொக்ஸில் சேர்ந்த அவர், ரொபேர்ட் பிரின்ற்றிஸ் என்பவரோடு சேர்ந்து 1981இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இந்தியாவிலிருந்து புலம்பெயர்ந்த மேதைகளைப் பற்றி நம்மவர்கள் எழுதும் பட்டியல்களில் தலாலின் பெயர் அபூர்வமாகவே தென்படுகிறது. இது எனக்கு ஒரு சிறிய மனக்குறை.

அவர்கள் சொன்னது இதுதான். கணினியின் இலக்கத்தை அது இருக்கும் இடத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். 48 பிற்று நீளமான ஓர் இலக்கத்தை, உலகில் வேறெந்தப் பொறிக்கும் இல்லாததாக, தொழிற்சாலையிலேயே கொடுத்துவிடுங்கள். அது எங்கே போனாலும் இலக்கம் அதோடு போகட்டும். டிஜிற்றல், இன்ரெல், ஸெரொக்ஸ் ஆகிய 3 நிறுவனங்களும் 1980 செப்டெம்பர் 30ஆம் திகதி கூட்டாக வெளியிட்ட ஈதர்நெற் வரையறையிலேயே இந்த 48 பிற்று ஏற்பாடு இடம்பெற்றுவிட்டது. அதற்கான நியாயத்தை விரித்துச் சொன்னது மேற்படி கட்டுரை. 48 பிற்றுகளில் எழுதக்கூடிய இலக்கங்கள் 281 இலட்சம் கோடி. முற்பாதியான 24 பிற்றுகளை உற்பத்தி நிறுவனத்துக்கு ஒதுக்கிக் கொடுத்துவிடுவார்கள். பிற்பாதியில் அந்த நிறுவனம் தன் பொறிகளுக்கு 1 கோடியே 67 இலட்சம் வரை தொடர் இலக்கமிடலாம். இந்த ஒதுக்கீட்டை முதலில் ஸெரொக்ஸ் செய்தது. பிறகு ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியியலாளர் நிறுவனம் பொறுப்பேற்று இன்றுவரை செய்துவருகிறது. இந்த இலக்கத்தையே இப்போது மக் முகவரி என்கிறோம்.

வாசகர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பொறிக்கு இன்னொரு முகவரியும் உண்டு. 192.168.1.5 என்பதுபோல் 4 எண்களாக எழுதப்படும் ஐ.பி. முகவரி அது. ஒரே பொறிக்கு எதற்காக இரண்டு முகவரி? இலங்கையர் எல்லோரும் சட்டைப்பையில் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள். தேசிய அடையாள அட்டையின் இலக்கம் இன்னார் என்று சொல்லும். ஆள் கரவெட்டியிலிருந்து வவுனியாவுக்குக் குடிபோனாலும் அது மாறுவதில்லை. ஆனால் அந்த இலக்கத்தை மட்டும் உறையில் எழுதிக் கடிதம் போட்டால் அது எங்கே போகும்? நாட்டிலுள்ள எல்லாத் தபாற்காரரும் எல்லா இலக்கங்களையும் மனனம் செய்திருக்க வேண்டும். தபால் முகவரி இதற்கு நேர்மாறானது. அது ஆளைப் பற்றி எதுவும் சொல்லாது, வழியை மட்டும் சொல்லும். மாவட்டம், ஊர், குறிச்சி என்று பெரிதிலிருந்து சிறிதுக்கு இறங்கும். ஐ.பி. முகவரி இத்தகையது. அதன் முற்பகுதி எந்த வலையமைப்பு என்பதையும் பிற்பகுதி அதற்குள் எந்தப் பொறி என்பதையும் காட்டும். உலகம் முழுவதையும் சுற்றிவர ஐ.பி. முகவரி வேண்டும். கடைசி ஒழுங்கைக்குள் கம்பியில் இறங்கிக் கதவைத் தட்டுவதற்கு மக் முகவரி வேண்டும்.

அப்படியானால் ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றதை அறிவது எப்படி? 1982 நவம்பர் மாதத்தில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் பிளம்மர் எழுதிய சில பக்க ஆவணம் இதற்கு விடை சொன்னது. ஆர்.எஃப்.சி. 826 என்பது அதன் இலக்கம். அந்த விதிமுறையை ஏ.ஆர்.பி. என்று சுருக்கி அழைப்பார்கள். அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் 1983 ஜனவரி 1ஆம் திகதி புதிய இணைய விதிமுறைக்கு முற்றாக மாறுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களே இருந்த வேளை அது.

வல்லிபுர ஆழ்வார் கோயில் கடல் தீர்த்தத்தன்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்களே, "நீலச் சட்டை அணிந்த 5 வயதுச் சிறுவன் எம்மிடம் இருக்கிறான், பெற்றோர் எங்கிருந்தாலும் உடனே வரவும்" என்று. அந்த அறிவிப்பைச் சனம் முழுவதும் கேட்கும். உரியவர் மட்டும் ஓடிவருவார். பிளம்மரின் விதி இதைத்தான் செய்கிறது. அச்சுப்பொறிக்கு ஏதோ அனுப்ப விரும்பும் கணினி, '192.168.1.20 என்ற முகவரி யாருடையது? 192.168.1.5 ஆகிய எனக்குச் சொல்லவும்' என்று எல்லோருக்குமான இலக்கத்தில் கூவுகிறது. கம்பியிலுள்ள பொறிகள் யாவும் அதைக் கேட்கின்றன. அச்சுப்பொறி மட்டும், 'அது நான்தான், என் மக் முகவரி இது' என்று கேட்டவருக்கு நேரே பதில் அனுப்புகிறது. கேட்ட கணினி அந்தப் பதிலை ஒரு சிறு அட்டவணையில் எழுதி வைத்துக்கொள்ளும். சற்று நேரம் கழிந்ததும் அழித்துவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி கேட்கும். பதில் சொல்லும் பொறியும், தன்னைக் கேட்டவர் யார் என்பதைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். விசாரித்து வந்தவரின் விலாசத்தையும் வாங்கி வைக்கும் நம்மூர்ப் பழக்கம்தான்.

கோயில் ஒலிபெருக்கி பருத்தித்துறைக்குக் கேட்காது. கணினியின் கூவலும் அப்படியே. தன் வலையமைப்பின் எல்லையைத் தாண்டாது. செல்ல வேண்டிய முகவரி வெளியூர் என்று முற்பகுதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டால், கணினி அந்தத் தூரத்துப் பொறியை விசாரிப்பதில்லை. வாசலில் நிற்கும் ரவுட்டரின் மக் முகவரியை மட்டும் விசாரித்துப் பொதியை அதனிடம் ஒப்படைத்துவிடும். ரவுட்டர் மேலுறையை உரித்து, அடுத்த ரவுட்டரின் பெயரில் வேறு மேலுறை இட்டு அனுப்பும். கரவெட்டியிலிருந்து ரொறொன்ரோ போகும் பொதிக்கு வழிநெடுக மேலுறை மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே எழுதிய ஐ.பி. முகவரியே கடைசிவரை வழிகாட்டும்.

அயலின் எல்லை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது அடுத்த தகராறு. முதலில் வந்த தடித்த கம்பி 500 மீற்றர் நீளத்துக்குமேல் ஓடாது. இரண்டு கம்பிகளை இணைக்க டிஜிற்றல் நிறுவனத்தார் 1980களில் 'பாலம்' ஒன்றைச் செய்தார்கள். அது யாரிடமும் எதையும் கேட்பதில்லை. நடுவில் இருந்து, எந்த மக் முகவரி எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறது என்று பார்த்துப் பார்த்தே பழகிக்கொள்ளும். தெரியாதவருக்கு வரும் பொதியை எல்லாப் பக்கமும் அனுப்பிவிடும். அவசரத்துக்கு உதவட்டும் என்று யாராவது மாற்று வழியாக இரண்டாவது பாலம் போட்டுவிட்டால் வந்தது வினை. ஒரு கூவல் இரண்டு பாலங்களாலும் சுற்றிச் சுற்றிப் பெருகி வலையமைப்பையே மூச்சடைக்கச் செய்துவிடும். 1985இல் இதற்கு மாற்றுக் கண்டவர் ராடியா பேர்ள்மன் என்ற பெண்மணி. பாலங்கள் தமக்குள் பேசிக் கிளைகள் மட்டுமுள்ள மரமாகத் தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முறையை அவர் வகுத்தார். வகுத்ததோடு நில்லாமல், அதை விளக்கி ஒரு கவிதையும் எழுதினார். பொறியியலாளர்கள் கவிதை எழுதுவது ஆபத்தான போக்குத்தான், ஆனாலும் அவருக்கு மன்னிப்பு உண்டு. இன்றைய அலுவலகங்களில் மின்னிக்கொண்டிருக்கும் 'சுவிட்ச்' பெட்டிகள் இந்தப் பாலங்களின் பேரப்பிள்ளைகள்.

மக் முகவரி தொழிற்சாலையில் கிடைத்துவிடும். ஐ.பி. முகவரியை யார் கொடுப்பது? நெடுங்காலம் மனிதர்கள்தான் கொடுத்தார்கள். ஒருவர் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணினியிலும் கையால் பதிய வேண்டும்.

இந்தக் கொப்பி முறையின் சீரை நான் நேரில் கண்டிருக்கிறேன். 1990களின் நடுப்பகுதியில் கொழும்பில் நான் வேலைசெய்த ஒரு நாளிதழின் ஆசிரிய பீடத்துக்குக் கணினிகள் வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஒருநாள் இரவு, வெளியூர்ப் பதிப்பு அச்சேற வேண்டிய நேரத்தில், மரண அறிவித்தல் பக்கம் அச்சுப்பொறிக்குப் போகவில்லை. ஒருதரம் போகிறது, மறுதரம் பாதியில் நிற்கிறது. தமிழ்ப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கம் எப்படிப்பட்டது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் அந்தக் காலத்தில், வடக்குக்கும் தெற்குக்கும் இடையே தொலைபேசியும் ரயிலும் அற்றுப்போயிருந்த வேளையில், தாயின் இறப்பை இப்பக்கத்தைப் பார்த்தே பிள்ளைகள் அறிந்தார்கள். யாழ்ப்பாணத்திலோ மின்சாரம் இல்லை. பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகிக்கொண்டிருந்தன. அன்றிரவு எங்கள் பக்கத்தில் வடமராட்சியிலிருந்து கைக்கெட்டிய 3 அறிவித்தல்கள் இருந்தன. பிழை பார்ப்பவர், பக்கம் அமைப்பவர், அச்சுக்கூடத்து மேற்பார்வையாளர் எல்லோரும் அந்தப் பொறியைச் சுற்றி நின்றோம்.

பிற்பகலில் கணக்குப் பிரிவுக்கு ஒரு புதிய கணினி வந்திருந்தது. அதைப் பூட்டிய தொழில்நுட்பவியலாளர், அச்சுப்பொறிக்கு ஏற்கனவே கொடுக்கப்பட்டிருந்த இலக்கத்தையே அதற்கும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கொப்பியில் எழுத மறந்துபோன இலக்கம் அது. 'யாருடையது?' என்று எங்கள் கணினி கூவிய ஒவ்வொரு தடவையும் இருவர் கைதூக்கினார்கள். கணக்குப் பிரிவின் பதில் கடைசியாக வந்துசேர்ந்தபோதெல்லாம் மரண அறிவித்தல்கள் அங்கே போய் விழுந்து காணாமற்போயின. நள்ளிரவு தாண்டிய பின்னர், எல்லாப் பொறிகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார்கள். வெளியூர்ப் பார்சல்களோடு புறப்பட வேண்டிய வாகனம் அன்று பிந்திப் புறப்பட்டது. கொப்பி வைத்திருந்தவரை யாரும் ஏசவில்லை. களைப்பில் ஏசுவதற்குத் தெம்பு இருக்கவில்லை.

உலகமெங்கும் இதே தொல்லை இருந்திருக்க வேண்டும். 1984, 1985ஆம் ஆண்டுகளிலேயே இதற்கு மாற்றுத் தேடிய இரு விதிமுறைகள் வெளிவந்துவிட்டன. நின்று நிலைத்தது, பக்னெல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ட்றோம்ஸ் 1993இல் எழுதி 1997இல் திருத்திய டி.எச்.சி.பி. என்ற விதிமுறை. புதிதாக வலையமைப்புக்குள் வரும் பொறிக்கு முகவரி இல்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியாது. எனவே அதுவும் எல்லோருக்கும் கேட்கக் கூவுகிறது: 'முகவரி தருபவர் யாராவது இருக்கிறீர்களா?' இருப்பவர், 'இதை எடுத்துக்கொள்ளலாம்' என்கிறார். 'அதையே எடுக்கிறேன்' என்கிறது பொறி. 'சரி' என்கிறார் அவர். நான்கு வாக்கியங்களில் காரியம் முடிகிறது. முக்கியமான நுணுக்கம், கிடைப்பது உறுதி எழுதிக் கொடுத்த காணி அன்று, தவணைக் குத்தகை. தவணை முடியுமுன் புதுப்பிக்காவிட்டால் முகவரி வேறொருவருக்குப் போய்விடும்.

1996 பெப்ரவரியில் வந்த இன்னொரு ஆவணம், 192.168 என்று தொடங்குபவை போன்ற சில முகவரித் தொகுதிகளை யாரும் தத்தம் வீட்டுக்குள் தாராளமாகப் பாவிக்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. அதனால்தான் ஸ்காபரோவில் உங்கள் வீட்டுக் கணினிக்கும் நெல்லியடியில் என் உறவினர் வீட்டுக் கணினிக்கும் ஒரே இலக்கம் இருக்கிறது. ஊருக்கு ஊர் 'பிள்ளையார் கோயிலடி' இருப்பதில்லையா? ஊருக்குள் சொல்லும்வரை குழப்பமில்லை.

மனிதர் இலக்கங்களை நினைவில் வைப்பதில்லை, பெயரைத்தான் வைப்பார்கள். ஆரம்பத்தில் ஆர்ப்பாநெற்றின் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற பெண்மணியின் தலைமையில் இயங்கிய அலுவலகம் அதைப் பேணியது. பெயர் பதிய விரும்புவோர் அந்த அலுவலகத்தோடு தொடர்புகொள்ள வேண்டும். 1983இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த பெயர் முறைமை அந்தச் சுமையை உலகெங்கும் பகிர்ந்து கொடுத்தது. நம் நாட்டுக்கு .எல்.கே. என்ற பெயர் 1990இல் கிடைத்தது. .இலங்கை என்று தமிழிலேயே எழுத 2010வரை காத்திருக்க நேர்ந்தது.

ஒரு வீட்டுக்குள் இருக்கும் பொறிகளுக்கு உலகப் பெயர்ப் பதிவேடு எதற்கு? 1985இல் அப்பிள் நிறுவனம் அதன் அப்பிள்ரோக் வலையமைப்பில் இதற்கு அழகான வழி கண்டிருந்தது. பொறி தானே தோராயமாக ஓர் இலக்கத்தைத் தெரிந்து, 'இதை யாரும் வைத்திருக்கிறீர்களா?' என்று கேட்கும். மறுப்பு வராவிட்டால் தனதாக்கிக்கொள்ளும். பெயர்களையும் அப்படியே கேட்டு அறிந்து, அச்சுப்பொறிகளின் பட்டியலைத் திரையில் காட்டிவிடும். கொப்பியும் வேண்டாம், கொப்பிக்காரரும் வேண்டாம். மைக்ரோசொஃப்ற் 1995இல் இதேபோன்ற பட்டியலுக்கு 'வலையமைப்பு அயல்' என்ற பொருளில் பெயர் வைத்தது. கணினி உலகின் ஆங்கிலக் கலைச்சொற்களில் யாழ்ப்பாணத்து 'அயலட்டை'க்கு இவ்வளவு கிட்ட வந்தது வேறில்லை என்பது என் கட்சி. அந்தப் பழைய அப்பிள் வசதி இணைய விதிமுறைக்குள்ளும் வேண்டும் என்று வாதாடி வென்றவர் ஸ்ருவார்ட் செஷையர். 2002 ஓகஸ்டில் அப்பிளின் இயங்குதளத்தோடு வந்த அவரது முறைக்கு முதலில் 'ராந்தேவூ' என்று பெயர். வேறொரு நிறுவனம் பெயருரிமை கோரியதால் 2005இல் அது 'பொன்ஜூர்' ஆயிற்று. பெயர்களைக் கண்டுபிடிக்க வழி செய்த முறைமைக்கே தன் பெயரைக் காப்பாற்ற முடியாமற்போனது. இலக்கத்தை எடுக்குமுன் 'யாரிடமாவது இருக்கிறதா?' என்று பொறிகள் ஒழுங்காக விசாரிக்க வேண்டும் என்ற விதியையும் 2008இல் எழுதியவர் செஷையரே. எங்கள் அலுவலகத்துக்கு அது 10 வருடங்களுக்கும் மேல் பிந்தி வந்த விதி.

இனி, மனதை உறுத்தும் பகுதி. ஒலிபெருக்கியில் பிள்ளையைப் பற்றி அறிவித்ததும் ஒருவர் வந்து, 'நான்தான் தகப்பன்' என்கிறார். கோயிலார் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள், இரண்டு கேள்வி கேட்பார்கள். பிளம்மரின் விதியில் அந்த இரண்டு கேள்வியும் இல்லை. கைதூக்கியவர் சொல்வதைக் கணினி நம்பிவிடும். கேளாமலே வந்து சொன்னாலும் பெரும்பாலும் நம்பிவிடும். 1982இல் ஒரே கம்பியில் இருந்தவர்கள் ஒரே ஆய்வுகூடத்தவர்கள், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பவர்கள். பூட்டுப் போடாத வீடுகளின் காலம் அது. 2000ஆம் ஆண்டில், 'ரவுட்டர் நான்தான்' என்று பொய்க்குரல் கொடுத்து அயலவரின் பொதிகளையெல்லாம் தன்வழியே திருப்பிப் படிக்கும் கருவி, யாரும் இறக்கிப் பாவிக்கக்கூடியதாக வெளிவந்துவிட்டது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு வந்து ஏ9 வீதி திறந்தபின், யாழ்ப்பாணத்திலும் நெல்லியடியிலும் கொமியூனிகேஷன் கடைகளோடு நெற் கபேகளும் முளைத்தன. பத்துக் கணினிகள், ஒரு சுவிட்ச், வெளியே போக ஒரு வழி. புலம்பெயர்ந்த பிள்ளைகளோடு பேசத் தாய்மார் அங்கே வரிசையில் இருந்தார்கள். அந்நாட்களில் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் மறைகுறியாக்கம் இன்றித் திறந்த தபாலட்டைபோலவே போயின. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் தன்னை ரவுட்டர் என்று அறிவித்தால் அத்தனையும் அவர் கையில். யார் எதைக் கேட்கிறார்கள் என்ற அச்சம் சுவாசத்தோடு கலந்திருந்த ஊரில், வலையமைப்பின் அத்திவாரமே 'கேட்டதை நம்பு' என்ற விதியில் கிடந்ததைப் பலரும் அறியவில்லை. பின்னாளில் இணையத்தளங்களும் மின்னஞ்சல்களும் மறைகுறியாக்கத்துக்கு மாறியதால் ஆபத்து குறைந்தது. பொய்க்குரலைத் தடுக்கும் சுவிட்சுகளும் வந்தன. விதி மட்டும் மாறவில்லை. அடுத்த தலைமுறையான ஐ.பி. ஆறாம் பதிப்பில் ஏ.ஆர்.பி. இல்லை, 'அயல் அறிதல்' என்ற பொருள்படும் வேறொரு விதிமுறை அந்த வேலையைச் செய்கிறது. சனம் முழுவதையும் எழுப்பாமல் ஒரு சிறு கூட்டத்தை மட்டும் அழைத்துக் கேட்பது அதன் முன்னேற்றம். கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஒரு பாதுகாப்பு முறையையும் 2005இல் எழுதினார்கள். அதைப் பாவிப்பவர்கள் அரிது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது கரவெட்டியின் பாடசாலைகளும் விறாந்தைகளும் நிறைந்தன. கொக்குவிலாருக்கும் கோண்டாவிலாருக்கும் புதிய முகவரி ஒன்று உண்டாயிற்று: 'மே/பா' என்று எழுதி, இடம்கொடுத்த வீட்டாரின் பெயர். சரியாக ஓராண்டு கழித்து, 1996 ஒக்டோபரில், இடம்பெயரும் கணினிகளுக்காகச் சார்ள்ஸ் பேர்க்கின்ஸ் தொகுத்த விதிமுறை வெளிவந்தது. சொந்த முகவரி அப்படியே இருக்க, தற்போது தங்கியிருக்கும் இடத்தைக் குறிக்கும் இரண்டாவது முகவரி ஒன்றை அது பொறிக்குத் தந்தது. ஆங்கிலத்தில் அவர்கள் அதற்கு இட்ட பெயரை மொழிபெயர்க்க வேண்டுமானால் 'மே/பா முகவரி' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது.

தலாலும் பிரின்ற்றிஸும் வாதாடிப் பெற்ற மாறாத இலக்கத்துக்கு என்னவாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். பொறி மேசையில் இருந்தவரை அது பொறியின் இலக்கம். பொறி மனிதரின் சட்டைப்பைக்குள் ஏறியதும் மனிதரின் இலக்கம் ஆகிவிட்டது. வைஃபை தேடும் கைத்தொலைபேசி போகுமிடமெல்லாம் தன் மக் முகவரியைச் சொல்லிக்கொண்டே போகும். 2013இல் லண்டன் சிற்றியின் வீதியோரக் குப்பைத்தொட்டிகள் சிலவற்றில் பொருத்திய கருவிகள், கடந்து சென்றோரின் தொலைபேசி இலக்கங்களை, அதாவது அந்த மக் முகவரிகளை, பதிந்துகொண்டிருந்தது அம்பலமாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்டில் நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. தங்குமிடம் மாறும்போதெல்லாம் பொலிஸில் பதியவும், சோதனைச் சாவடிதோறும் அட்டையை நீட்டவும் நேர்ந்த கொழும்புத் தமிழருக்கு, இலக்கம் ஒன்று கூடவே வருவதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

தொலைபேசி செய்பவர்கள் 2014இல் தொடங்கி மெல்ல மெல்ல இதற்கு மாற்றுச் செய்தார்கள். 2019, 2020ஆம் ஆண்டுகளில் வந்த அன்ட்ரொயிட், ஐபோன் இயங்குதளங்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு பொய் இலக்கத்தைக் கொடுக்கப் பழகிவிட்டன. இதற்கு அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 1980களில் தர விதிகளை எழுதிய ஐ.ஈ.ஈ.ஈ. குழுவினர் 48 பிற்றுகளில் ஒன்றை, 'இது தொழிற்சாலை இட்ட இலக்கம் அன்று, உள்ளூரில் இட்டுக்கொண்டது' என்று குறிப்பதற்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். உங்கள் கைத்தொலைபேசியின் வைஃபை விபரத்தில் மக் முகவரியைத் தேடிப் பாருங்கள். இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால், தான் சொல்வது சொந்த இலக்கம் அன்று என்பதை அந்தத் தொலைபேசி ஒளிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.